கழட்டி விடுதல்: தோனி பற்றிய ஒரு டீக்கடை விவாதத்தை வாசித்தல்

1

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் ராத்திரி பெங்களூரில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டே ரன்னில் தோற்றிருந்தது. அமிர்தியிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆம்பூர் என்று பஸ் மாறிப் போய் இறங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. என் பெரியம்மா மகன் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கம்பெனிக்கு லீவு என்பதால் அண்ணன் வீட்டில் இல்லை, தெருமுனை டீக்கடையில் இருந்தார். அங்கே பஞ்சாயத்து சூடாக நடந்துகொண்டிருந்தது.

பஞ்சாயத்தின் பொருள் இதுதான். ஜெயிக்க 214 ரன் வேண்டும். பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 ரன் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஜடேஜா 77 ரன்னோடு கடைசிவரை நிற்கிறார். கடைசி ஓவரில் நாற்பத்து மூன்று வயது தோனி, எட்டுப் பந்தில் 12 ரன் எடுத்து அவுட். ஆட்டம் கைவிட்டுப் போகிறது. முடிந்த பிறகு தோனி, தப்பு தன்னுடையது என்று தானே ஒத்துக்கொள்கிறார். 2007 செப்டம்பரில் அவர் டி20 உலகக் கோப்பையைத் தூக்கியபோது மாத்ரே இரண்டு மாதக் குழந்தை.

அண்ணன் சொன்னார்: “கை ஓடலன்னா கழட்டி விட்டுடணும்பா. அவ்ளோதான். மரியாத வேற, வேல வேற. அந்தப் பையன் எப்டி அடிச்சான் பாத்தியா? அவன மாதிரி நாலு பேர எடுத்தா டீம் உருப்படும்.”

எதிரில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பத்தொன்பது இருக்கும். வேறொரு கம்பெனியில் ட்ரெய்னி. அவன் விடவில்லை. “இன்னாண்ணா பேசறீங்க? அவரு போறேன்னு சொல்ற வரைக்கும் அவர யாரும் அனுப்பக் கூடாது. அவரா போவட்டும்.”

நியாயமாகப் பார்த்தால் பையன் மாத்ரே பக்கமும் அண்ணன் தோனி பக்கமும் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கம்பெனியில் தன் இடம் என்று ஒன்று இன்னும் உறுதியாகாத புதுப்பையன், கிழவனை அனுப்பாதே என்கிறான். அடுத்த ஆள்குறைப்பில் தன் பெயர் வருமோ என்று இருக்கிற மூத்த தொழிலாளி, வயசானவனைக் கழட்டி விடு என்கிறார். இந்தத் தலைகீழ் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. அதற்குக் காரணம் தேடிய முயற்சிதான் இந்தக் கட்டுரை.

2

இம்மாதிரி விவாதங்களைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் எப்படி அணுகிவந்திருக்கிறோம்? நம்மிடம் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, இடதுசாரி வீட்டிலிருந்து வருவது: கிரிக்கெட் போதை, தோனி பிம்பம், முதலாளியின் விளம்பரத்துக்குத் தொழிலாளி தன் ஞாயிற்றுக்கிழமையைத் தாரை வார்க்கிறான். இன்னொன்று, வெகுஜனக் கலாச்சாரத்தைக் கொண்டாடும் பேர்வழிகளுடையது: மக்கள் ரசிக்கிறார்கள், ரசிப்பில் எதிர்ப்பு உண்டு, அதைக் குறை சொல்ல நீ யார்? முதல் பதில் டீக்கடைக்குள் நுழைவதே இல்லை. இரண்டாவது பதில் உள்ளே வந்து டீ குடித்துவிட்டு, எதையும் கேட்காமல் கிளம்பிவிடுகிறது.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்த இடத்தில் நமக்கு உதவும். தங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காதபோதும் ஏழைகள் ஏன் அந்தப் பிம்பத்தோடு நின்றார்கள் என்பது அவருடைய கேள்வி. ‘ஏமாந்தார்கள்’ என்று சொல்லி அவர் ஒதுங்கிவிடவில்லை. ஏழைகளின் பொதுப்புத்திக்குள் ஏற்கெனவே இருந்த எந்த ஆசை அந்தப் பிம்பத்தில் வந்து உட்கார்ந்தது என்று தேடினார். தோனி விஷயத்திலும் அப்படித்தான் தேட வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் திரை நாயகனுக்கு வயது ஏறுவதில்லை. மேக்கப்பும் கேமராவும் பார்த்துக்கொள்ளும். தோனிக்கு வயதாகிறது என்பதை அவருடைய ரசிகர்கள் மறைப்பதில்லை. 2023 ஐ.பி.எல். முடிந்த கையோடு முழங்காலில் ஆபரேஷன் நடந்ததும், அந்த முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழுக்க ஓடி அடிக்க அவரால் முடியாது என்று 2025 மார்ச் கடைசியில் பயிற்சியாளர் பிளெமிங் வெளிப்படையாகச் சொன்னதும் டீக்கடையில் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு இரண்டு நாள் முன்னால், மார்ச் 28 அன்று, சேப்பாக்கத்தில் அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாக இறங்கி 16 பந்தில் 30 அடித்ததும் தெரியும். சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008க்குப் பிறகு அந்த மைதானத்தில் சென்னைக்கு எதிராகப் பெங்களூருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. இத்தனையும் தெரிந்துதான் பையன் ‘அவரா போவட்டும்’ என்கிறான். தேய்ந்துபோன முழங்காலைத் தேய்ந்த முழங்காலாகவே பார்த்தபடி நேசிப்பதை மயக்கம் என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது.

3

விவாதம் நடக்கும் மொழியை முதலில் கேட்போம். ‘ரீட்டெய்ன்’, ‘ரிலீஸ்’, ‘ட்ரேடு’, ‘பர்ஸ்ல எவ்ளோ இருக்கு’, ‘இவன அந்த வெலைக்கு எடுத்தது வேஸ்ட்’. இருபது வருஷத்துக்கு முன் இதே ஆம்பூரில் கிரிக்கெட் பேசியவர்கள் ‘கவர் டிரைவ்’ பேசினார்கள், ‘எல்.பி.டபிள்யூ.’ பேசினார்கள், அதிகம் போனால் தேர்வுக் குழுவைத் திட்டினார்கள். இன்று பேசுகிறவன் தன்னை அணியின் உரிமையாளன் நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு பேசுகிறான். அல்தூசர் சொன்ன ‘விளித்தல்’ இப்படித்தான் வேலை செய்கிறது. ஏலம் நம்மைப் பார்த்து ‘முதலாளி!’ என்று கூப்பிடுகிறது. நாமும் திரும்பிப் பார்க்கிறோம்.

இந்த மொழிக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 2008 பிப்ரவரி 20, மும்பை. முதல் ஐ.பி.எல். ஏலம். அன்று அதிக விலைக்குப் போனவர் தோனி, பதினைந்து லட்சம் டாலர். அடுத்த மாதமே பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டன. விராட் கோலி பெங்களூருக்குப் போனது அந்தப் பொறுக்கலில்தான். பெரியவர்களுக்கு ஏலம், பையன்களுக்கு ஆள்எடுப்பு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘டிராஃப்ட்’ என்ற சொல்லே பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிப்பதையும் குறிக்கும்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இந்த ஆள்எடுப்பு 1947இலிருந்து நடக்கிறது. கல்லூரியிலிருந்து வருகிற பையன் எந்த ஊரில் விளையாடுவான் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை, அணிகள் தீர்மானிக்கின்றன. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற மூத்த ‘பாயிண்ட் கார்டு’ முக்கியமா, புதிதாக எடுத்த பையனா என்று அங்கத்து ரசிகர்கள் ஒவ்வொரு வருஷமும் அடித்துக்கொள்கிறார்கள். நம்ம டீக்கடைச் சண்டையின் ஒன்றுவிட்ட அண்ணன் அது. ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர், அதே கார்டு இடத்தில் ஆடியவர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது 1970இல் லீக் மீது வழக்குப் போட்டார். ஆள்எடுப்பும், ஆட்டக்காரனை ஒரே அணியோடு கட்டிப்போடும் ஒப்பந்த விதியும் செல்லாது என்பது வாதம். அப்போது அவர் பத்து வருஷ அனுபவஸ்தர். 1974இல் ஓய்வு பெற்றுவிட்டார். சமரசத் தீர்வு வந்தது 1976இல். ஒப்பந்தம் முடிந்தவன் வேறு அணிக்குப் போகலாம் என்ற வழி அதன் மூலம்தான் திறந்தது. ஆள்எடுப்பு ஒழியவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது. பலன் ராபர்ட்சனுக்கு அல்ல, அவர் இடத்துக்கு வந்த பையன்களுக்கு.

மூத்தவனா புதியவனா என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது என்பதை நம் விவாதம் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்படாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியக் கிரிக்கெட்டில் இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சங்கம் கிடையாது. 2019இல் வந்த ஆட்டக்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடும்போது வாயைத் திறக்க முடியாது, திறக்கலாம் என்ற வயதில் மைதானம் இல்லை.

4

இனி அந்த விதிக்கு வருவோம். என்னைக் கேட்டால் நம் காலத்து உழைப்புச் சந்தையை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் வேறொரு வாக்கியம் கிடையாது.

இந்திய ஆட்டக்காரர் ஒருவர் ஐந்து வருஷமாக நாட்டு அணியில் இறங்கவில்லை, வாரியத்தின் ஒப்பந்தமும் இல்லை என்றால், அவர் இந்தியாவுக்கு ஆடாத ஆளாகவே கணக்கில் வைக்கப்படுவார். முன்பு இருந்து எடுக்கப்பட்ட இந்த விதி 2025 சீசனுக்காகத் திரும்ப வந்தது. தோனியின் கடைசி சர்வதேச ஆட்டம் 2019 ஜூலை 10, மான்செஸ்டர், நியூசிலாந்தோடு அரையிறுதி. குப்தில் எறிந்த பந்தில் ரன் அவுட். ஆக, இரண்டு உலகக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்த ஆள், சட்டப்படி இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடாத பையன்களின் வரிசையில் வந்து நின்றார். விலை 4 கோடி. முந்தைய மூன்று சீசனில் 12 கோடி. அதே பட்டியலில் ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் ஆளுக்கு 18 கோடி.

4 கோடி வாங்குகிறவருக்காக நாம் அழ வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது தர்க்கத்தை. அனுபவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கான விலையை மட்டும் அழிப்பது எப்படி என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆளின் பெயர், கூட்டம், மஞ்சள் சட்டை, விளம்பரம் எல்லாம் மூத்தவருடையது. சம்பள ஏட்டில் மட்டும் அவர் புதுப்பையன்.

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த ஐந்து வருஷக் கணக்கு புதிதல்ல. 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவனுக்குத்தான் பணிக்கொடை என்றது. உடனே என்ன நடந்தது? ஐந்து வருஷம் முடியுமுன் ஒரு ‘பிரேக்’. ரெண்டு மாசம் வீட்டில் இரு, மறுபடி வா, புதுசா சேர். அதே கை, அதே மெஷின், ஆனால் ஏட்டில் புது ஆள். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்தகால ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டும் இதை ஒரு வருஷமாகக் குறைத்திருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் வந்த பிரேக், இனி ஒரு வருஷத்துக்கு முன்னேயே வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அண்ணன் இருபத்தாறு வருஷமாக கட்டிங் செய்கிறார். ஏட்டில் அவருக்கு வயது நான்கு.

ஏட்டில் மூத்தவனைப் புதியவனாக்குவது ஒரு வித்தை என்றால், மூத்தவனைச் சரக்காக்குவது இன்னொன்று. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் நான்கு அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் ஜடேஜா. 2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ஜடேஜாவின் விலை 18லிருந்து 14 கோடிக்கு இறங்கியது. அஸ்வின் கதை வேறு மாதிரி. டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த சென்னைக்காரர். 2024 நவம்பரில் பெர்த் டெஸ்டில் அவரை உட்காரவைத்துவிட்டு இன்னொரு சென்னைக்காரரான வாஷிங்டன் சுந்தரை ஆடவைத்தார்கள். அடுத்த மாதமே பிரிஸ்பேனில், தொடரின் நடுவில், அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 2025இல் 9.75 கோடிக்குச் சொந்த ஊர் அணிக்குத் திரும்பி வந்தவரைப் பல ஆட்டங்களில் வெளியே வைத்தார்கள். ஆகஸ்டில் ஐ.பி.எல்.லுக்கும் கும்பிடு போட்டுவிட்டார். ஒரே அணியில் மூன்று மூத்தவர்கள். ஒருவர் இருக்கிறார், ஒருவர் விற்கப்பட்டார், ஒருவர் தானே எழுந்து போனார். வயதோ திறமையோ மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்கிவிடாது. யாரால் கூட்டம் வருகிறது என்பதும் சேர்ந்துதான் விளக்கும்.

5

‘அனுபவம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கட்டிங் டேபிளில் அண்ணன் என்ன செய்கிறார் என்று நான் பார்த்திருக்கிறேன். தோலை விரித்துக் கையால் தடவுகிறார். உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, வயிற்றுப் பக்கத் தளர்ச்சி, முதுகுப் பக்க இறுக்கம். எந்தத் துண்டை எங்கே வெட்டினால் பழுது ஷூவின் உள்பக்கம் போகும், எப்படித் திருப்பி வைத்தால் வீண் குறையும் என்று கண் ஒரு கணக்குப் போடுகிறது. ஒரு தோலைப் போல இன்னொரு தோல் இருக்காது. ஆகவே ஒவ்வொரு தோலும் புது வாசிப்பு. தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் பிரதியை வாசிப்பது என்றால் என்ன என்று வகுப்பறையில் விளங்கியதைவிட அங்கேதான் அதிகம் விளங்கியது.

தோனியும் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று செய்வது அதுதான். 2025 மார்ச் 23, சேப்பாக்கம். நூர் அகமது பந்தில் சூர்யகுமார் யாதவ் காலைத் தூக்கிய நேரத்தில் பெயில்கள் பறந்தன. 0.12 விநாடி என்று கணக்குச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று வயதுக் கை அத்தனை வேகமாகப் போனதற்குக் காரணம் கை மட்டுமல்ல. பந்து எங்கே வரும், ஆள் எங்கே போவான் என்பதைக் கண் முன்கூட்டியே படித்துவிட்டது. அவருக்கு இது ‘அனுபவம்’, ‘மூளை’, ‘தலைமை’. அண்ணனுக்கு இதற்கு என்ன பெயர்? சூப்பர்வைசர் சொல்வார், “அவருக்கு பழக்கம் சார்.” மாடு செக்கைச் சுற்றுவதற்கும் பழக்கம்தான் பெயர்.

யாருடைய அறிவு அனுபவமாகிறது, யாருடையது பழக்கமாகிறது என்பதில் சாதி இருக்கிறது. தோலைத் தொடுகிறவன் கை என்பதால் அந்தக் கைக்குள் இருக்கும் மூளை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கிரிக்கெட்டிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. பல்வங்கர் பாலூ, 1876இல் பிறந்தவர், தோல் வேலையோடு சேர்த்துத் தீண்டாமைக்குள் தள்ளப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் மும்பை இந்துக்கள் அணிக்கு அவர் ஒருநாளும் முறைப்படி கேப்டன் ஆக்கப்படவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே விலக்கியபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மாட்டோம் என்று வெளியேறினார்கள். பிறகு பாலூவைத் துணை கேப்டனாக்கித் திரும்ப அழைத்தார்கள். 1923இல் விட்டல் கேப்டன் ஆனார். ராமச்சந்திர குஹாவின் 2002ஆம் வருஷத்து நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. இங்கும் மூத்தவனும் இளையவனும் இருக்கிறார்கள். இளையவன், மூத்தவனின் இடத்துக்குப் போட்டி போடாமல், அவனுக்காக மட்டையைக் கீழே வைத்தான். மூத்தவனுக்குக் கிடைக்காதது, அதனால்தான், இளையவனுக்குக் கிடைத்தது.

பந்தும் தோல், கையுறையும் தோல், பேடும் நேற்றுவரை தோல். இதைத் தொட்டு ஆடுகிறவன் தலைவன். இதைத் தொட்டுச் செய்கிறவன் பேரைச் சொல்ல ஆளில்லை.

6

இப்போது அந்தத் தலைகீழுக்குத் திரும்பலாம்.

அண்ணன் ஏன் தோனியைக் கழட்டி விடச் சொன்னார்? அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “எனக்குன்னா ஒரு தோலு வீணாப் போனா சூப்பர்வைசர் நிக்க வெச்சுக் கேக்கறான். அவுரு மேட்சே வீணாக்கினாலும் கைதட்டறாங்க. நமக்கு ஒரு நாயம், அவுருக்கு ஒரு நாயமா?” ஆக, அவர் முதலாளி மொழியில் பேசியது உண்மை. ஆனால் அந்த மொழிக்குள் அவர் தேடியது சமத்துவம். எனக்கு நடப்பது அவனுக்கும் நடக்கட்டும் என்ற சமத்துவம். தனக்கு உரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை செத்தவன், அடுத்தவனுக்கும் அது இல்லாமல் போவதை நியாயம் என்று நம்பத் தொடங்குகிறான். இது பொறாமை என்று சொல்லித் தள்ளிவிடுவது நமக்குச் சுலபம். இத்தனை காலம் சங்கம் வைத்தும் இந்த இடத்துக்கு அவரை வரவிட்டோமே என்று யோசிப்பதுதான் கஷ்டம்.

பையன்? அவனுடைய அப்பா ஒரு தோல் ஷாப்பில் டிரம்மில் வேலை பார்த்தவர். நாற்பத்தேழு வயதில், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். கேட்டிலேயே ‘உங்க எடத்துக்கு ஆள் போட்டாச்சு’ என்று சொல்லிவிட்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, நோட்டீஸ் கொடுக்கவில்லை, கடைசி நாள் இன்ன தேதி என்று சொல்லவும் இல்லை. லீவு போட்ட அன்றுதான் தன்னுடைய கடைசி நாள் என்பது அவருக்குப் பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ‘அவரா போவட்டும்’ என்று பையன் சொன்னபோது அவன் மனசில் இருந்தது யார் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தன் கடைசி நாளைத் தானே குறித்துக்கொள்ளும் உரிமை. தோனி பிம்பத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆசை இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சீசன் முடிவிலும் ‘இதுதான் கடைசியா?’ என்று கேட்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்கிறார். கேட்கிறவர்களைத் தவிக்கவிடும் அந்தச் சிரிப்பில் ரசிகன் காண்பது ஒரு தொழிலாளியின் கைக்கு என்றைக்கும் வராத அதிகாரம். 2001 முதல் சில வருஷம் கரக்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதித்தவர் என்ற கதையை ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். நம்மில் ஒருத்தன் அங்கே போய், போகும் நாளைத் தானே சொல்கிறான்.

இங்கே நான் பையனோடும் முரண்பட வேண்டியிருக்கிறது. முதலாவது, இது உரிமையாக இல்லை, சலுகையாக இருக்கிறது. சந்தையில் விலை இருக்கிறவரை கிடைக்கும் சலுகை. அஸ்வினுக்குக் கிடைக்கவில்லை, ஜடேஜாவுக்குக் கிடைக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் கிடைப்பதைப் பார்த்து எல்லாருக்கும் கிடைத்ததுபோல் மகிழ்வதில்தான் பிம்பம் தன் வேலையைக் காட்டுகிறது. இரண்டாவது, அந்த ஒருவருக்கான இடத்தை யார் கொடுக்கிறார்கள்? தான் அவுட் ஆகி தோனி வர வேண்டும் என்று சொந்த மைதானத்துக் கூட்டமே எதிர்பார்ப்பதாக 2023இல் ஜடேஜா சிரித்தபடி சொன்னார். பக்கத்தில் வேலை செய்கிறவன் விழ வேண்டும் என்று ஆசைப்படவைக்கும் நேசத்தை ஒற்றுமை என்று எப்படிச் சொல்வது?

வரலாற்றையும் மறக்க வேண்டாம். 2005 டிசம்பரில் தோனி தன் முதல் டெஸ்டில் இறங்கியது இதே சேப்பாக்கத்தில். அன்று இடம் இழந்தவர் சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக். அவர் பிறகு கடைசிவரை சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடவே இல்லை. இன்றைய மூத்தவர் அன்றைய புதுமுகம். நாற்காலி ஒன்றுதான் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, யார் உட்கார்வது என்று நம்மை அடித்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். நாற்காலிகளின் எண்ணிக்கையை யார் தீர்மானித்தது என்பது விவாதத்துக்கு வெளியே நிற்கிறது. ஷூ கம்பெனியில் ட்ரெய்னியைக் காட்டி சீனியரை மிரட்டுவதும், சீனியர் போடுகிற வேகத்தைக் காட்டி ட்ரெய்னியை விரட்டுவதும் இதே ஏற்பாடுதான். ஒரு வித்தியாசம், அங்கே புதியவனுக்குக் கூலி குறைவு. ஏலத்தில் சில சமயம் தலைகீழாக ஏறிவிடுகிறது.

7

எவ்வளவு தலைகீழ் என்பது 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் தெரிந்தது. இந்தியாவுக்கு ஆடாத இரண்டு பையன்கள், பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. அடிப்படை விலை 30 லட்சம். சென்னை ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. ஏட்டில் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கும் தோனியின் 4 கோடியைப் போல மூன்றரை மடங்கு.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூரில் இருந்தேன். அதே டீக்கடை, அதே ஆட்கள். விவாதம் புதுப் பையன்கள் விலையைப் பற்றி. அண்ணன் மாறவில்லை, “பாத்தியா, கடைசில வயசுப் பசங்கதான்” என்றார். கடையில் பலரும் ‘இத்தன கோடி வொர்த்தா?’ என்று முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ராபர்ட்சன் கதையைச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் வகுப்பெடுப்பதுபோல் ஆகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். யாரோ ‘அதெல்லாம் அமெரிக்காவுல’ என்றார்கள். பையன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ட்ரெய்னி காலம் முடிந்துவிட்டது, ஆனால் இன்னும் ஆறு மாசம் ட்ரெய்னியாகவே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டான்:

“இந்த ரெண்டு பேரும் சரியா ஆடலன்னா அடுத்த வருஷம் இவங்களையும் கழட்டி விட்டுடுவாங்க இல்லண்ணா?”

அண்ணன் பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உனக்கு இன்னும் ஆறு மாசம்னு எழுதிக் குடுத்தானுங்களா, வாயில சொன்னானுங்களா?” என்று கேட்டார்.

விவாதம் அங்கே கிரிக்கெட்டை விட்டு நகர்ந்தது. தோழர்கள் போய் உட்கார வேண்டியது அந்த இடத்தில்.